வடிதாளில் தங்குவது: ஊற்றி வடிக்கும் காப்பி பற்றி

எந்திரம் என்று சொல்ல அதில் எதுவுமே கிடையாது. அடியில் ஓட்டையுள்ள ஒரு கூம்பு. கூம்புக்குள் ஒரு தாள், தாளுக்குள் காப்பிப் பொடி. மேலேயிருந்து ஒரு கை கெண்டியைச் சாய்த்து வெந்நீர் ஊற்றுகிறது. கீழே சொட்டுகிறது. அவ்வளவுதான். 'போர் ஓவர்' என்று இன்று டோக்கியோவிலிருந்து ஆஸ்லோ வரை புழங்கும் பெயர்கூட ஒரு பொருளின் பெயராகப் பிறந்ததல்ல; ஊற்றுவது என்கிற செயலின் பெயர். எஸ்பிரெஸோவுக்குக் கொதிகலன், அழுத்தம், பம்பு என்று ஒரு பொறியியல் வரலாறே உண்டு. இதற்குப் புவியீர்ப்பு போதும். ஆனாலும் பல கடைகளில் எஸ்பிரெஸோவைவிட இதற்குத்தான் விலை கூட. காரணம் கேட்டால் 'கையால போடுறதாச்சே' என்பதுதான் எங்கும் கிடைக்கிற பதில். இந்தப் பதிலைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. காப்பியோடு சேர்ந்து இங்கே ஒரு கையும் விலைக்கு வருகிறது. எப்போதிருந்து வந்தது, யாருடைய கை வந்தது, எந்தக் கை வராமலே போனது என்று கேட்டுப் பார்க்கலாம்.

துளையிட்ட தட்டின் மேல் பொடியை வைத்து வெந்நீர் ஊற்றி வடிப்பது புதிய விஷயமல்ல. 1800ஐ ஒட்டிப் பாரிஸில் பேராயர் தெ பெல்லுவாவின் பெயரால் இரண்டு அடுக்குப் பாத்திரம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. வெப்பம் பற்றி ஆராய்ந்த ரம்ஃபோர்ட் பிரபு 1812இல் காப்பியைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி, சூடு ஆறாத வடிபாத்திரம் ஒன்றையும் வகுத்தார். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரும் கொள்கை அளவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு வித்தியாசம். பித்தளை ஃபில்டருக்கு மூடி உண்டு. ராத்திரியே பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால் அது பாட்டுக்கு இருட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். யாரும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை, பார்ப்பதுமில்லை. ஊற்றிய கை யாருடையது என்று எந்த வீட்டிலும் கேட்கப்பட்டதில்லை, அது அம்மாவுடையது என்பது சொல்லாமலே விளங்குகிற சமாசாரம் என்பதால். போர் ஓவருக்கு மூடி இல்லை. பார்க்கப்படுவதற்காகவே திறந்து கிடக்கிறது. இந்தத் திறப்பு எப்படி வந்தது என்பது பின்னால் வரும்.

தாள் வந்தது 1908இல். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்கிற குடும்பத் தலைவிக்குக் காப்பியில் மண்டி கலந்து வருவது பிடிக்கவில்லை. ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். மகனின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து மையொற்றித் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். வெந்நீர் ஊற்றினார். மண்டியில்லாத காப்பி இறங்கியது. ஜூன் 20ஆம் தேதி காப்புரிமை அலுவலகத்தில் பதிவு. டிசம்பரில் 73 ஃபெனிக் மூலதனத்தில் நிறுவனம். அடுத்த வருஷம் லைப்ஸிக் சந்தையில் ஆயிரத்துச் சொச்சம் வடிப்பான்கள் விற்பனை. இந்தக் கதையை நிறுவனமே நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சம்பவங்கள் உண்மையானவை. ஆனால் ரோலான் பார்த் சொல்கிற அர்த்தத்தில் இது ஒரு தொன்மமாகவும் வேலை செய்கிறது: வரலாறாக இருந்த ஒன்றை இயற்கையானதாக, 'ஒரு அம்மாவின் கைமருந்து' போலத் தோன்ற வைக்கிறது. ஆணி, நோட்டுத்தாள், பித்தளைச் சொம்பு என்று எல்லாமே வீட்டுக்குள் கிடக்கிற சாமான்கள். வெளியிலிருந்து வர வேண்டியது எதுவுமே இல்லை என்பது போல ஒரு பாவனை. காப்பிக்கொட்டை மட்டும் டிரெஸ்டனில் விளையாது என்பதைக் கதை கண்டுகொள்வதே இல்லை. இன்னொன்றையும் இந்தத் தொன்மம் வடித்துவிடுகிறது. மெலிட்டாவின் மகன் ஹோர்ஸ்ட் பென்ட்ஸ் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ்.ஸிலும் இருந்தவர். அவர் தலைமையில் நிறுவனம் ஹிட்லர் ஆட்சியின் 'முன்மாதிரித் தொழிலகம்' என்ற பட்டத்தைப் பெற்றது.

தாள் செய்த காரியம் என்ன? அது வேலையைக் குறைத்தது. அதுவரை துணிப்பையில் வடித்தால் பையை அலச வேண்டும், உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் புளித்த வாடை. தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். சக்கையும் அதோடு போயிற்று. ஆக, இந்தக் கருவி பிறந்தபோது அதன் கவர்ச்சி கையை மிச்சப்படுத்துவதில்தான் இருந்தது. கைக்காக அதை யாரும் வாங்கவில்லை.

அதே 1908 ஜூன் மாதம். மெலிட்டாவின் பதிவுக்கு இரண்டே நாள் முன்னால், ஜூன் 18ஆம் தேதி, பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் 'கசாட்டோ மாரு' என்கிற ஜப்பானியக் கப்பல் வந்து நின்றது. அதில் ஒப்பந்தக் கூலிகளாக 781 ஜப்பானியர்கள் இருந்தார்கள். சாவோ பாலோ மாநிலத்தின் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்க வந்தவர்கள். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்து அப்போது இருபதே வருஷம்தான் ஆகியிருந்தது. அடிமைகள் விட்ட இடத்தை முதலில் இத்தாலியர்களைக் கொண்டு நிரப்பினார்கள், பிறகு ஜப்பானியர்களைக் கொண்டு. கையில் காசு சேர்த்துக்கொண்டு சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். வந்து பார்த்தால் விளைச்சல் மோசம், கூலி சாப்பாட்டுக்கே போதவில்லை. பலர் ஒரு வருஷத்துக்குள்ளேயே தோட்டங்களை விட்டு ஓடினார்கள். இந்தக் கப்பலை ஏற்பாடு செய்தவர் மிசுனோ ர்யூ. அதற்குக் கைமாறாகச் சாவோ பாலோ அரசு அவருக்குக் காப்பிக்கொட்டையை இலவசமாக அனுப்பியது. அந்தக் கொட்டையை வைத்து அவர் 1911இல் டோக்கியோவின் கின்ஸாவில் 'கஃபே பவுலிஸ்டா' திறந்தார். சாதாரண ஜப்பானியர்கள் காப்பி குடிக்கப் பழகியதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நாம் ஜப்பானியக் காப்பிக் கலை என்று வியக்கிற ஒன்றின் தொடக்கத்தில் இப்படி ஒரு பண்டமாற்று இருக்கிறது: ஆட்களை அனுப்பு, கொட்டை தருகிறோம்.

ஜெர்மனிப் பக்கமும் கதை வேறில்லை. அன்றைக்குக் குவாட்டமாலாவின் ஆல்த்தா வெராபாஸ் பகுதியில் பெரிய காப்பித் தோட்டங்கள் ஜெர்மானியர் கையில் இருந்தன. கொட்டை ஹாம்பர்க்குக்கும் பிரேமனுக்கும் போயிற்று. பறித்தவர்கள் கெக்சி மாயா மக்கள். முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி, கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாதபடி வைத்திருந்த முறை அங்கே 1934 வரை சட்டபூர்வமாக இருந்தது. அதை நீக்கிய கையோடு 'வேலையற்றுத் திரிவோர்' சட்டம் கொண்டுவந்து, நிலமில்லாதவர்கள் வருஷத்தில் இத்தனை நாள் கட்டாயம் கூலிக்குப் போக வேண்டும் என்றாக்கினார்கள். மெலிட்டா அம்மையார் இதற்குப் பொறுப்பு என்று சொல்ல வரவில்லை. சமையலறையில் கைவேலை குறைந்த அதே காலத்தில் தோட்டத்தில் கை கட்டப்பட்டிருந்தது. ஆனால் இந்த இரண்டையும் ஒரே வரலாறாக எழுதுகிற வழக்கம் காப்பிப் புத்தகங்களில் இல்லை.

அடுத்த கட்டம் நியூயார்க். கீல் நகரத்தில் பிறந்த வேதியியலாளர் பீட்டர் ஷ்லும்போம் 1941இல் 'கெமெக்ஸ்' என்ற வடிகுடுவையை உண்டாக்கினார். ஆய்வுக்கூடத்துக் கூம்புக் குடுவையும் புனலும் ஒரே கண்ணாடியில் சேர்ந்துகொண்டது போன்ற உருவம். கை சுடாமல் இருக்க இடுப்பில் ஒரு மரப்பட்டை, அதைக் கட்ட ஒரு தோல்வார். 1940களிலேயே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது. சமையலறைச் சாமான் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போய், தொடாமல் பார்க்க வேண்டிய பொருளாயிற்று. ஆனால் கவனியுங்கள், பார்க்கப்பட்டது பாத்திரம்தான். ஊற்றுவது இன்னும் யாருக்கும் காட்சியாகவில்லை. இதற்கு அழகான சாட்சி 1957இல் வந்த இயன் ஃபிளெமிங்கின் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவல். அதில் ஜேம்ஸ் பாண்டின் காலைச் சாப்பாடு விஸ்தாரமாக வருகிறது. காப்பி எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை கோப்பை குடிப்பான் எல்லாம் உண்டு. அது அமெரிக்கக் கெமெக்ஸில் போட்டது என்பதும் உண்டு. ஊற்றுவது மட்டும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் மே என்கிற ஸ்காட்லாந்துப் பெண்மணி. சாப்பாடு அவள் பொறுப்பு. பாண்ட் கெண்டியைத் தூக்குவான் என்று 1957இல் எந்த வாசகரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு எழுதினால் அவனே நின்று ஊற்றுகிற மாதிரிதான் எழுதுவார்கள்.

நடுவில் என்ன ஆயிற்று? எந்திரம் வந்தது. 1954இல் மேற்கு ஜெர்மனியில் 'விகோமாட்' என்ற முதல் மின்சார வடிப்பான் காப்புரிமை பெற்றது. 1972இல் அமெரிக்காவில் 'மிஸ்டர் காஃபி' வந்தது. பேஸ்பால் ஆட்டக்காரர் ஜோ டிமாஜியோ விளம்பரத்தில் வந்து சொல்லச் சொல்ல, வீட்டுக்கு வீடு அது ஏறி உட்கார்ந்தது. உள்ளே நடப்பது அதே ஊற்றி வடிக்கிற வேலை. ஊற்றுகிறது மட்டும் குழாய். இந்த இடத்தில் வால்டர் பெஞ்சமினின் புகழ்பெற்ற வாதம் தலைகீழாகிறது என்று எனக்குப் படுகிறது. எந்திர நகலாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கரைத்துவிடுகிறது என்றார் அவர். காப்பி விஷயத்தில் எந்திரத்துக்கு முன்னால் ஒளிவட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கையால் ஊற்றுவது வெறும் வேலை, அதுவும் பெரும்பாலும் பெண்களின் வேலை, கூலியில்லாத வேலை. எந்திரம் வந்து அந்த வேலையைத் தேவையற்றதாக்கிய பிறகுதான், விரும்பி ஊற்றுகிறவர்கள் தோன்றினார்கள். கட்டாயம் போன பிறகு வந்த கை அது. ஒளிவட்டம் நகலாக்கத்தின் பின்விளைவாகவும் உற்பத்தியாகலாம் போலிருக்கிறது.

விரும்பி ஊற்றும் கை முதலில் பொது இடத்துக்கு வந்தது ஜப்பானில். கிஸ்ஸாத்தேன் எனப்படும் சின்னச் சின்னக் காப்பிக் கடைகள். பெரும்பாலும் ஒரே ஆள் நடத்துவது. அவரை 'மாஸ்டர்' என்பார்கள். கின்ஸாவில் 1948இல் 'கஃபே த லாம்பர்' கடையைத் தொடங்கிய செகிகுச்சி இச்சிரோ 2018இல் இறந்தபோது வயது 103. அங்கே காப்பி ஃபிளானல் துணியில் வடியும். நூல் பிடித்த மாதிரி மெலிசான தண்ணீர், பொடியின் நடுவில், பொடி மெல்ல உப்பி எழும்படி. எதிரே பலகையில் கையூன்றி உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்தபடி இருக்கலாம். ஓட்டை மூன்றாக்கிய கலிட்டா 1958இல் தொடங்கியது. கோனோவின் கூம்பு வடிப்பான் 1973இல் வந்தது. ஹாரியோவின் வி60 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது: 60 பாகைக் கோணம், உட்சுவரில் சுழல் வரிகள், அடியில் ஒரே பெரிய ஓட்டை. ஓட்டை பெரிதாக இருப்பதால் தண்ணீர் இறங்கும் வேகம் முழுக்க ஊற்றுகிறவரின் பொறுப்பாகிவிடுகிறது. கைக்கு மறுபடி வேலை வைக்கிற வடிவமைப்பு.

இதைப் பற்றி மேற்கில் எழுதுகிறவர்கள் உடனே ஜென், தேநீர்ச் சடங்கு, மௌனம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எட்வர்ட் செய்த் படித்த நமக்கு இது எங்கே போகும் என்று தெரியும். ஹாரியோ 1921இல் ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான் செய்யத் தொடங்கிய கம்பெனி. கோனோ சைஃபன் காப்பிக் கருவி செய்தவர்கள். கொட்டை பிரேசிலிலிருந்து, கடைப் பெயர்கள் பிரெஞ்சில். இதில் ஜென் எங்கே இருக்கிறது என்று தேடினால், பார்க்கிறவரின் கண்ணாடியில்தான் அகப்படும். கிஸ்ஸாத்தேன் நகரத்து நவீனத்துவத்தின் சரக்கு. தனியாக வந்து யாரோடும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார இடம் தேடிய மனிதர்களுக்காக உண்டானது. அந்தத் தனிமையின் வரலாற்றை எடுத்துவிட்டு அங்கே ஆன்மிகத்தை வைப்பது வசதியான காரியம்.

சரி, சுவை? அதைப் பேசாமல் குறியியல் மட்டும் பேசிக்கொண்டிருப்பது நம் விமர்சகர்களுக்கே உரிய வியாதி. நன்றாகப் போட்ட போர் ஓவர் உண்மையிலேயே நல்ல காப்பி. 15 கிராம் பொடிக்குச் சுமார் 250 மில்லி தண்ணீர், சூடு 90 பாகைக்கு மேல். முதலில் கொஞ்சம் ஊற்றி அரை நிமிஷம் விட்டால், வறுத்த கொட்டைக்குள் அடைந்த கரியமில வாயு வெளியேறிப் பொடி பொங்கும். பிறகு வட்டமாக, விட்டு விட்டு. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். தாள் நுண்துகளையும் எண்ணெயையும் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு அளவைக் கூட்டும் கஃபெஸ்டால் என்ற பொருளும் பெரும்பாலும் தாளிலேயே நின்றுவிடுகிறது. இறங்குவது தேநீர் மாதிரித் தெளிவான ஒரு திரவம். எத்தியோப்பியக் கொட்டையில் மல்லிகை வாசனை, கென்யக் கொட்டையில் ஒரு பழப்புளிப்பு என்று தனித்தனியாகத் தெரியும். பாலும் சிக்கரியும் சேர்ந்த நம் காப்பியில் இவை தெரிய வழியில்லை. நம் காப்பி தேடுவது வேறு: அடர்த்தி, கசப்பு, நுரை. இரண்டில் எது உயர்ந்தது என்கிற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம்.

ஆனால் இந்தத் தெளிவுதான் ஒரு சொல்லாடலாக மாறுகிறது. 2002ஐ ஒட்டி அமெரிக்காவில் 'மூன்றாம் அலை' என்ற பேச்சு வந்தது. அதே 2002இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜேம்ஸ் ஃப்ரீமன் 'ப்ளூ பாட்டில்' தொடங்கினார். கிஸ்ஸாத்தேன்களிடம் கற்றதை அவர் மறைத்ததில்லை. 2015இல் டோக்கியோவிலேயே கிளை திறந்தார்கள், வரிசை நின்றது. 2017இல் பெரும்பான்மைப் பங்கை நெஸ்லே வாங்கியது, அதாவது உடனடிக் காப்பித்தூளின் நெஸ்லே. காப்பிக்கொட்டையை ஒயின் போல, ஊர், உயரம், இனம், பதப்படுத்திய முறை எல்லாம் சொல்லி ரசிப்பதுதான் மூன்றாம் அலையின் பெருமை. அந்த வருஷங்களில் கொட்டை விளைந்த ஊர்களில் என்ன நடந்தது? ஏற்றுமதி ஒதுக்கீட்டின் மூலம் விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச ஏற்பாடு 1989இல் முறிந்தது. 2001-02இல் விலை முப்பது வருஷத்தில் இல்லாத அளவுக்கு விழுந்தது. மத்திய அமெரிக்காவில் பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் பழத்தை மரத்திலேயே விட்டார்கள். கூலிக்காரர்கள் குடும்பத்தோடு சாலைக்கு வந்தார்கள். கொட்டைக்கு விலை போன நேரத்தில்தான் கோப்பைக்கு மதிப்பு ஏறியது. இரண்டுக்கும் நேரடிக் காரண காரியம் கற்பிக்க வேண்டியதில்லை. மூன்றாம் அலைக்காரர்களில் சிலர் நல்ல விலை கொடுத்து வாங்கியதும் உண்மை. ஆனாலும் மதிப்பு எந்த முனையில் உருவாகிறது என்று கேட்டால் பதில் தெளிவு: ஊற்றுகிற முனையில்.

தமிழர்களுக்கு இது புதிதல்ல. இலங்கை என்றால் தேயிலை என்று உலகம் நினைக்கிறது. 1830களிலிருந்து அரை நூற்றாண்டு இலங்கை மலைநாடு காப்பி நாடாகத்தான் இருந்தது. ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து போய்ப் பழம் பறித்தவர்கள் தமிழர்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் இலைத்துரு நோய் வந்து சில வருஷங்களில் காப்பி அழிந்தது. தேயிலை வந்தது. அந்தப் பழைய கோப்பைகளை லண்டனில் குடித்தவர்கள் 'சிலோன்' என்ற பெயரை அறிந்திருந்தார்கள். ஊர்ப்பெயர் கோப்பை வரை வரும், ஆள்பெயர் வராது என்பது அப்போதே ஏற்பட்ட வழக்கம்.

இன்று கை ஒரு விளையாட்டுப் போட்டிக்கே வந்துவிட்டது. 2011 முதல் உலகக் காப்பி வடிப்போர் கோப்பை நடக்கிறது. 2016இல் ஜப்பானின் கசுயா டெட்சு '4:6' என்ற முறையோடு வென்றார். தண்ணீரில் நாற்பது சதம் சுவைக்கு, அறுபது சதம் அடர்த்திக்கு. யார் ஊற்றினாலும் வரும் என்பதுதான் அதன் சிறப்பு, அதாவது கை மறுபடி சூத்திரமாகிவிட்டது. மாஸ்டரும் பரிஸ்டாவும் பெரும்பாலும் ஆண்களாக இருக்கிற இந்த உலகத்தில், 2018இலும் 2019இலும் அடுத்தடுத்துப் பெண்கள் வென்றார்கள்: எமி ஃபுகஹோரி, டு ஜியானிங். வீட்டில் ஊற்றியபோது பேரில்லாத கைக்கு மேடையில் பேர் கிடைத்திருக்கிறது. ஃபுகஹோரி ஜப்பானியர், சுவிட்சர்லாந்துக்காகப் போட்டியிட்டவர். போட்டி நடந்தது பிரேசிலின் பெலோ ஒரிசான்டேயில். அவர் ஊற்றியது பிரேசிலில் விளைந்த லாரினா இனக் கொட்டை. கசாட்டோ மாரு வந்து 110 வருஷம் ஆகியிருந்தது.

ஒரு கோப்பைக்குப் போகிற 15 கிராமில் ஏறக்குறைய நூறு, நூற்றிருபது கொட்டைகள் இருக்கும். பழத்துக்கு இரண்டு என்றால் ஐம்பது, அறுபது பழம். உயர்ந்த ரகம் என்றால் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். அதுவும் கைவேலை, அதிலும் கவனம், நிதானம், பழக்கம் எல்லாம் உண்டு. கெண்டியின் கோணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பறிக்கிற விரல்களின் கோணத்தைப் பற்றி எழுதியதில்லை. கோப்பையோடு வருகிற சீட்டில் தோட்டத்தின் பெயர், முதலாளியின் பெயர், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர், பீச் பழம், கருப்பட்டி என்று சுவைக் குறிப்புகள் எல்லாம் இருக்கும். சமீப காலமாகச் சில வறுப்பாலைகள் தோட்டத்துக்குக் கொடுத்த விலையையும் அச்சிடுகின்றன. 'வெளிப்படைத்தன்மை அறிக்கை' என்று பெயர். நல்ல முயற்சிதான். ஆனால் அந்த விலை தோட்டத்துக்காரருக்குப் போனது. பறித்தவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தனியாகப் பேசப்படுகிறது, அந்தக் கணக்கு அவர் ஊரிலேயே நின்றுவிடுகிறது.